புல் இருக்கும் பக்கம்: ஆப்பிரிக்காவின் கட்சித் தாவல்கள்

2012 ஏப்ரல் 5. மலாவி நாட்டின் அதிபர் பிங்கு வா முத்தாரிக்கா மாரடைப்பில் இறந்துபோனார். அரசு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இரவு ஆறு அமைச்சர்கள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, துணை அதிபர் ஜாய்ஸ் பண்டா அந்த நாற்காலிக்கு வர முடியாது என்றார்கள். காரணம்? அவர் ஆளுங்கட்சியில் இல்லை, தனிக் கட்சி நடத்துகிறார். அந்த ஆறு பேருக்கும் 'நள்ளிரவு அறுவர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அரசியலமைப்புச் சட்டம் தெளிவாக இருந்தது. அதிபர் இறந்தால் துணை அதிபர்தான். அவர் எந்தக் கட்சி என்ற கேள்வியே அதில் கிடையாது. ராணுவத் தளபதியும் சட்டத்தின் பக்கம் நின்றார். 7-ஆம் தேதி பண்டா பதவியேற்றார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டிய கதை. பண்டாவின் மக்கள் கட்சி அதுவரை ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்தித்ததில்லை. முத்தாரிக்காவின் ஜனநாயக முற்போக்குக் கட்சியோ மூன்றே வருடங்களுக்கு முன் நாடாளுமன்றத்தின் 193 இடங்களில் 110-க்கும் மேல் பிடித்த கட்சி. அந்தப் பெரிய கட்சியின் எம்.பி.க்கள் பலர் இந்தச் சின்னக் கட்சியின் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தேர்தல் நடக்கவில்லை, கொள்கை மாறவில்லை. நாற்காலியில் இருந்த ஆள் மாறினார், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது 'பதவி ஆசை' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டத் தோன்றும். ஆசை இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆசை எல்லா நாட்டிலும் இருக்கிறது. இப்படிக் கூட்டமாக இடம் மாறுவது எல்லா நாட்டிலும் நடப்பதில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் பெயர்கள். பிரிட்டிஷ் வழி வந்த நாடாளுமன்றங்களில் இதற்குச் சபையைக் குறுக்கே கடப்பது என்று பெயர். நைஜீரியாக்காரர்கள் கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு கிளம்புவதற்கான ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவின் சொல். செனகலில் இதை 'டிரான்சுமான்ஸ்' என்கிறார்கள். ஒரு பக்கம் புல் தீர்ந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த மேய்ச்சல் நிலத்துக்குப் போவதற்கான சொல் அது. நம் கீதாரிகள் கிடை மாற்றுகிறார்களே, அதேதான். 2000-இல் செனகலில் நாற்பது வருடம் ஆண்ட சோசலிஸ்ட் கட்சி தோற்று அப்துலாய் வாட் அதிபரானபோது, பழைய கட்சியின் ஆட்கள் வரிசையாகப் புதுப் பக்கம் நகர்ந்தார்கள். அதைப் பார்த்த மக்களுக்கு மேய்ச்சல் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. மந்தை இடம் மாறுவதற்கு மந்தையின் குணம் காரணமில்லை. புல் எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம்.

சரி, புல் எங்கே இருக்கிறது? அதிபர் மாளிகையில். மலாவியையே எடுத்துக்கொள்வோம். விவசாய நாடு, பெரிய தொழில்கள் குறைவு, வெளிநாட்டு உதவியை நம்பிய பட்ஜெட். அமைச்சர்கள், வாரியத் தலைவர்கள், தூதர்கள் எல்லாரையும் நியமிப்பவர் அதிபர். எந்தப் பகுதிக்கு எப்போது ரோடு வரும் என்பதிலும் அவர் சொல்லுக்குத்தான் எடை. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா தலைநகர் லிலோங்வேயில் சுமார் 300 அறைகள் கொண்ட ஒரு மாளிகையைக் கட்டிவைத்திருந்தார். அவர் போன பிறகு நாடாளுமன்றம் அதில் கூடிக்கொண்டிருந்தது. 2004-இல் பதவிக்கு வந்த பிங்கு முத்தாரிக்கா அது தனக்கு வேண்டும் என்றார். நாடாளுமன்றம் காலி செய்துகொண்டு வேறு இடம் தேடிப் போனது. யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் பாடப்புத்தகம் வேண்டியதில்லை.

இப்போது ஒரு கிராமத்துத் தொகுதி எம்.பி.யின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை தொகுதிக்குப் போகிறார். ஒரு வீட்டில் சாவு. சவப்பெட்டிக்குப் பணம் கேட்கிறார்கள். அடுத்த வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். ஊர்த்தலைவர் அடிபம்பு பழுதாகி நாளாகிவிட்டது என்கிறார். தேவாலயத்துக்குத் தகரக் கூரை வேண்டும். விதைப்பு நெருங்குகிறது, மானிய விலை உரத்துக்கான கூப்பன் எங்களுக்கு மட்டும் ஏன் குறைவாக வந்தது என்று பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். சட்டம் இயற்றுவதுதான் எம்.பி.யின் வேலை என்று அங்கே நின்று விளக்கம் சொன்னால் எடுபடுமா? எதிர்க்கட்சி எம்.பி. இதையெல்லாம் சொந்தப் பையிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது கைவிரிக்க வேண்டும். ஆளுங்கட்சிக்காரருக்கு அமைச்சரின் போன் நம்பர் இருக்கிறது.

மலாவியில் ஒரு தேர்தலில் ஜெயித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் திரும்பி வருவதில்லை. நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் புதுமுகங்கள். வாக்காளர்கள் தண்டிக்கிறார்கள், ஆனால் கட்சி மாறியதற்காக மட்டும் இல்லை. ஒன்றும் கொண்டுவராமல் வந்ததற்காகவும் தண்டிக்கிறார்கள். ஐந்து வருடத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்ற பயம் எம்.பி.யைத் தொகுதிக்கு உண்மையாக இருக்கச் செய்யும் என்று நாம் நினைப்போம். அங்கே அந்தப் பயம்தான் அவரை ஆளுங்கட்சிப் பக்கம் தள்ளுகிறது. பல சமயம் ஊர்ப் பெரியவர்களே "நீங்கள் அந்தப் பக்கம் போனால்தான் நமக்கு ஏதாவது நடக்கும்" என்று சொல்வார்கள். அந்த இடத்தில் கட்சி மாறுவது துரோகமா, கடமையா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

கென்யா 2003-இல் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தது: அரசு வருவாயில் குறைந்தது 2.5 சதவீதத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் மேம்பாட்டு நிதியாகப் பிரித்துக் கொடுக்கும் சட்டம். எதிர்க்கட்சி எம்.பி.க்கும் கையில் கொஞ்சம் பணம் இருக்கும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அமைச்சர் பதவியையும் பெரிய ரோட்டையும் அந்த நிதியால் வாங்க முடியாது.

இது பாதிக் கதை. மீதிப் பாதி கட்சிகளைப் பற்றியது. தாவுவது என்றால் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டும். கிளையே காற்றில் மிதந்தால்?

மலாவியில் 1993 ஜூனில் பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் பல கட்சி முறை வந்தது. 1994 மே மாதம் முதல் தேர்தல். இடையில் ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் கட்சிகள் கொள்கை எழுதி, கிளைகள் வைத்து, உறுப்பினர் சேர்த்து வளர முடியுமா? தெரிந்த தலைவரும் அவருடைய பகுதியும்தான் கட்சியாயிற்று. தெற்கில் ஒன்று, நடுவில் ஒன்று, வடக்கில் ஒன்று என்று ஓட்டு விழுந்தது. கட்சிச் செலவு தலைவரின் பையிலிருந்து வந்தது. அதனால் கட்சியும் அவருடைய பையிலேயே இருந்தது. இரண்டு கட்சிகளின் அறிக்கைகளை அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் எது எதுவென்று கண்டுபிடிப்பது சிரமம். அப்படியிருக்க, ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர் எதை விட்டுக்கொடுக்கிறார்? அட்டையைத்தான்.

பிங்கு முத்தாரிக்காவின் வாழ்க்கையையே பாருங்கள். ஐக்கிய ஜனநாயக முன்னணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதைவிட்டு வந்து தனிக் கட்சி தொடங்கி 1999-இல் அதிபர் தேர்தலில் நின்றார். ஒரு சதவீத ஓட்டுகூட வரவில்லை. கட்சியைக் கலைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பினார், ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநர் பதவி கிடைத்தது, பிறகு அமைச்சரானார். அன்றைய அதிபர் பக்கிலி முலுசிக்கு மூன்றாவது முறை நிற்க வழி கிடைக்காததால் இவரை வாரிசாக நிறுத்தினார். 2004-இல் ஜெயித்தார். ஊழல் விசாரணை என்று சொல்லிச் சொந்தக் கட்சியின் பெரிய தலைகள் மீதே கை வைத்தார், உறவு கசந்தது. 2005 பிப்ரவரியில், தன்னை அதிபராக்கிய கட்சியை விட்டே வெளியேறிப் புதுக் கட்சி தொடங்கினார். துணை அதிபர் பழைய கட்சியிலேயே இருந்துவிட்டார். ஒரே தேர்தலில், ஒரே கட்சியின் பெயரில் ஜோடியாக நின்று ஜெயித்த இரண்டு பேர் இரண்டு கட்சியில்!

அதிபரே தாவிவிட்டால் எம்.பி.க்கள் என்ன செய்வார்கள்? டஜன் கணக்கில் பின்னாலேயே போனார்கள். இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது.

மலாவி அரசியலமைப்பின் 65-ஆவது பிரிவு, ஒரு கட்சியின் பெயரில் ஜெயித்தவர் தானாக விலகி வேறு கட்சியில் சேர்ந்தால் அவருடைய இடம் காலியானதாகச் சபாநாயகர் அறிவிக்க வேண்டும் என்கிறது. 'பிரிவு 65' என்பது மலாவியில் வக்கீல்கள் மட்டும் பேசும் சொல் இல்லை. ரேடியோ கேட்கும் எல்லாருக்கும் தெரிந்த சொல். எதிர்க்கட்சிகள் பிரிவு 65-ஐ நிறைவேற்று என்றன. தாவியவர்கள் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார்கள். 2005 ஜூனில் அதிபரைப் பதவி நீக்குவதற்கான நடைமுறை குறித்துச் சபையில் சூடான விவாதம். கூச்சலை அடக்கப் பார்த்த சபாநாயகர் ராட்வெல் முன்யென்யெம்பே அங்கேயே சரிந்து விழுந்தார். சில நாட்களில் தென்னாப்பிரிக்காவில் மருத்துவமனையில் இறந்தார். அந்தச் சண்டையின் வெப்பம் எவ்வளவு என்று காட்ட எனக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்கவில்லை.

2007 ஜூனில் உச்ச நீதிமன்றம் பிரிவு 65 செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. உடனே எதிர்க்கட்சிகள் ஒரு நிபந்தனை வைத்தன: முதலில் தாவியவர்களை வெளியேற்று, அப்புறம்தான் பட்ஜெட். அதிபர் பக்கம் தலைகீழாகச் சொன்னது: முதலில் பட்ஜெட், அப்புறம் பிரிவு 65. உர மானியமும் சம்பளமும் தொங்கிக்கொண்டிருந்தன. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், எதிர்க்கட்சிகள் மேல் கோபம் திரும்பியது. பட்ஜெட் நிறைவேறியது. நிறைவேறிய கையோடு அதிபர் கூட்டத்தொடரை முடித்துவிட்டார்! அடுத்த வருடமும் ஏறக்குறைய இதே நாடகம். 2009 தேர்தலில் முத்தாரிக்கா 66 சதவீத ஓட்டு வாங்கினார். உர மானியத்துக்கும் நல்ல மக்காச்சோள விளைச்சலுக்கும் அதில் பெரிய பங்கு. கட்சி மாறியவர் என்று யாரும் அவரைத் தண்டிக்கவில்லை; அவர் விட்டுவந்த கட்சி இருபது இடத்தைக்கூடத் தொடவில்லை.

பிரிவு 65-இல் இன்னொரு ஓட்டையும் உண்டு: அது கட்சிச் சீட்டில் ஜெயித்தவரைப் பற்றித்தான் பேசுகிறது. சுயேச்சையாக ஜெயித்தவர் எங்கே போனாலும் கேட்க ஆளில்லை. கட்சிக்குள் வேட்பாளர் தேர்வில் தோற்றவர்கள், அந்தத் தேர்வே மோசடி என்று சொல்லிக்கொண்டு (பல சமயம் அது உண்மையும்கூட) சுயேச்சையாக நிற்பது மலாவியில் சகஜம். 2014 தேர்தல் முடிவில் 193 பேரில் சுயேச்சைகள் 52, ஜெயித்த அதிபரின் கட்சி 51. சுயேச்சைகள்தான் சபையின் மிகப் பெரிய அணி! அவர்களில் பலர் பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் ஆண்ட ஜாய்ஸ் பண்டாவின் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 26.

மற்ற நாடுகளின் சட்டங்களிலும் இப்படி ஒரு கதவு திறந்தே இருக்கும். நைஜீரியாவில் கட்சி மாறிய எம்.பி. பதவி இழப்பார், ஆனால் அவருடைய கட்சிக்குள் பிளவு இருந்தால் இழக்க மாட்டார். அதனால் அங்கே தாவுகிறவர்களின் கடிதங்களில் 'எங்கள் கட்சியில் பிளவு ஏற்பட்டுவிட்டது' என்ற வரி தவறாமல் இருக்கும். அதைச் சபையில் வாசிப்பார்கள். எந்தக் கட்சியில்தான் சண்டை இல்லை? ஆளுநர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகூடக் கிடையாது. 2013 நவம்பரில் ஐந்து மாநில ஆளுநர்கள் ஒன்றாக ஆளுங்கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குப் போனார்கள்.

தென்னாப்பிரிக்கா செய்தது இன்னும் விசித்திரம். அங்கே அப்போது நாடாளுமன்றத்துக்கு மக்கள் ஆளுக்கு ஓட்டுப் போடவில்லை, கட்சிக்குத்தான் போட்டார்கள். அந்த விகிதத்தில் இடம் பிரியும். அப்படியிருந்தும் 2002-இல் தாவலை அனுமதித்து ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட 15 நாள் ஜன்னல் திறக்கும். அப்போது ஒரு கட்சியின் உறுப்பினர்களில் 10 சதவீதம் பேர் சேர்ந்து போனால் பதவி போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 279 பேர் உள்ள ஆளுங்கட்சியிலிருந்து 28 பேர் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். 7 பேர் உள்ள கட்சியிலிருந்து ஒரே ஒருவர் போதும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் தண்ணீர் ஒரு பக்கம்தான் வடியும். நிறவெறி ஆட்சி நடத்திய தேசியக் கட்சியின் மிச்சமாக இருந்த புதிய தேசியக் கட்சியின் தலைவர் 2004-இல் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசில் சேர்ந்தார். அடுத்த வருட ஜன்னலில் அந்தக் கட்சியே கரைந்துபோனது. மண்டேலாவைச் சிறையில் வைத்த கட்சியின் கடைசி முகவரி மண்டேலாவின் கட்சி. 2009-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

கானாவில் இந்த நோய் குறைவு. இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் ஊரில் வேர் இருக்கிறது, குடும்பமே தலைமுறையாக ஒரு கட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. இன்று தோற்றாலும் எட்டு வருடத்தில் நம் முறை வரும் என்று தெரிந்தால் எதற்குத் தாவ வேண்டும்? என் கணிப்பில், தாவலுக்கு எதிரான மிக நல்ல மருந்து இந்தப் பொறுமைதான். அதைச் சட்டத்தால் தயாரிக்க முடியாது. ஆனாலும் 2020 தேர்தலில் சபை 137-க்கு 137 என்று சமமாக நின்று, நடுவில் ஒரே ஒரு சுயேச்சை இருந்தபோது ஒவ்வொரு நாற்காலியும் தங்கமாயிற்று. 2024 அக்டோபரில், அடுத்த தேர்தலுக்கு வேறு அடையாளத்தில் நிற்க மனுச் செய்த நான்கு எம்.பி.க்களின் இடங்கள் காலி என்று சபாநாயகர் அறிவித்தார். உச்ச நீதிமன்றம் அடுத்த மாதம் அதைத் தள்ளிவிட்டது: இந்தச் சபையிலேயே கட்சி மாறி உட்கார்ந்தால்தான் குற்றம், அடுத்த சபைக்கு வேறு சீட்டில் நின்றால் இல்லை என்றது.

இவ்வளவும் படித்த பிறகு தாவல் என்றாலே கேடு என்று தோன்றலாம். நான் அப்படி முடிவு கட்ட மாட்டேன். ஆளுங்கட்சியை நோக்கி ஓடுவது எதிர்க்கட்சியைக் கொல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஆளுங்கட்சியிலிருந்து வெளியே ஓடுவதும் தாவல்தான். அது இல்லாமல் ஆப்பிரிக்காவில் பல ஆட்சிகள் மாறியிருக்காது. நைஜீரியாவில் அந்த ஐந்து ஆளுநர்கள் போய்ச் சேர்ந்த கட்சிதான் 2015-இல் ஜெயித்தது; பதவியில் இருந்த அதிபர் ஒருவர் அந்த நாட்டில் தேர்தலில் தோற்றது அதுவே முதல் முறை.

கென்யாவில் 1963 முதல் 'கானு' என்ற ஒரே கட்சியின் ஆட்சி. அதன் அமைச்சராக இருந்த முவாய் கிபாக்கி, கானுவை அகற்றப் பார்ப்பது சவர பிளேடால் அத்தி மரத்தை வெட்டப் பார்ப்பது போன்றது என்று சொன்னதாக அங்கே எல்லாருக்கும் தெரியும். 1991 டிசம்பரில் பல கட்சி முறை வந்ததும் அவரே அமைச்சர் பதவியை உதறிவிட்டுத் தனிக் கட்சி தொடங்கினார். இரண்டு தேர்தல்களில் தோற்றார். 2002 மார்ச்சில் ராய்லா ஒடிங்கா தன் கட்சியைக் கானுவோடு இணைத்து அதன் பொதுச் செயலாளரானார். அதிபர் மோய் தனக்கு வாரிசாக உஹுரு கென்யாட்டாவை அறிவித்ததும் ஒடிங்கா அக்டோபரில் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். நைரோபியின் உஹுரு பூங்காவில் "கிபாக்கி டோஷா" என்றார். எதிரணியின் அதிபர் வேட்பாளராகக் 'கிபாக்கியே போதும்' என்று அர்த்தம்.

டிசம்பரில் கானு தோற்றது. அந்த மாதம் கார் விபத்தில் அடிபட்டிருந்த கிபாக்கி, 30-ஆம் தேதி அதே பூங்காவில் காலில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பதவியேற்றார். அவரை ஜெயிக்கவைத்துவிட்டு அந்த மேடைக்கு வந்திருந்த தலைவர்களில் பலர் அந்த வருடம் செப்டம்பர் வரை கானுக்காரர்கள்.